ஆறு மாதச் சீனப் படிப்பு

சென்ற மாதத்து வெள்ளிக்கிழமை மாலையொன்றில் எமது வீட்டு விறாந்தையில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. வாதி, எம் அயலில் வாழும் ஒரு தாய். பிரதிவாதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலும் அவருடைய மகள். நீதிபதி ஆசனம் முப்பது ஆண்டு காலம் பள்ளிக்கூடத்தில் சுண்ணக்கட்டி பிடித்த காரணத்தால் எமக்குக் கிடைத்தது. பட்டப்படிப்பின் நடுவே ஓர் அரையாண்டு சீன தேசம் சென்று, அங்குள்ள பல்கலைக்கழகமொன்றில் சீன மொழியும் பண்பாடும் பயின்று மீள வேண்டும் என்பது மகளின் விண்ணப்பம். புலமைப்பரிசிலுக்கான படிவம் அவள் கையில் இருந்தது.

"மாஸ்ரர், நீங்களே சொல்லுங்கோ. ஆறு மாசத்திலை ஒரு பாஷையைப் படிக்கேலுமோ? காலமும் காசும் வீண்தானே? அதோடை, அவ்வளவு தூரத்திலை பிள்ளை தனிய இருந்து என்ன செய்யும்?" என்றார் தாய்.

கேள்வி இரண்டும் நியாயமானவை. உடனே விடை கூறின் தவறிவிடுவோம் என்றஞ்சித் தீர்ப்பை மறு வெள்ளிக்கு ஒத்திவைத்தோம். இடைப்பட்ட வாரத்தில் படித்தும் நினைத்தும் பார்த்தவற்றை, இதே வழக்கு வேறு வீடுகளிலும் எழக்கூடுமாதலின், வாசகர் முன்னும் வைக்கின்றோம்.

ஆறு மாதம் படித்த துறவி

ஆறு மாதத்தில் அயல்மொழி படிக்கலாமா என்னும் வினா ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைமையுடையது. அதனை எதிர்கொண்டவர் ஒரு சீனர். இத்சிங் என்னும் பௌத்தத் துறவி 671 ஆம் ஆண்டிலே கன்ரன் துறைமுகத்தில் பாரசீகக் கப்பலொன்றில் ஏறி, இருபது நாட் பயணத்தின் பின் ஸ்ரீவிஜய நாட்டை அடைந்தார். சுமாத்திராத் தீவிலுள்ள இன்றைய பலெம்பாங் நகரமே அந்நாட்டின் தலைநகர் என்பர். அவர் நாடிச் சென்றது நாளந்தாவை. எனினும் நேரே அங்குச் செல்லாது ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி, வடமொழி இலக்கணத்தைப் பயின்றார். பின்னரே 673 இல் வங்கக் கரையின் தாமிரலிப்தியில் இறங்கி, நாளந்தா சென்று பத்தாண்டளவு கற்றார்.

அந்த ஆறு மாதத்தில் வடமொழி முழுவதும் அவருக்கு வசமாகியிருக்கும் என்று எவரும் சொல்லார். ஆனால் அவ்வாறு மாதமும் இல்லையேல் நாளந்தாவின் முதலாண்டு அவருக்கு ஊமையர் வகுப்பாகவே கழிந்திருக்கும். இதை அவரே நன்குணர்ந்தார் போலும். இந்தியா செல்ல விரும்பும் சீனத் துறவிகள் முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டு தங்கிப் பழகிக்கொண்டு செல்வதே நன்று எனப் பின்னாளில் எழுதிவைத்தார். ஆயிரம் சொற்கள் கொண்ட வடமொழி-சீனச் சொற்கோவை ஒன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. அயல்மொழி கற்கும் மாணாக்கர் கொப்பியில் சொற்பட்டியல் எழுதி மனனஞ் செய்யும் வழக்கம் நாம் நினைப்பதினும் பழையது.

இத்சிங்கின் வரலாற்றில் இன்னொரு செய்தி உண்டு. எமக்கு அதில் பெருவிருப்பு. நாளந்தாவிலிருந்து ஏடுகளுடன் ஸ்ரீவிஜயம் மீண்டு அங்கிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்குத் தாளும் மையும் தட்டுப்பட்டன. 689 ஆம் ஆண்டில், அவற்றை அனுப்புமாறு கன்ரனுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடத் துறைமுகம் சென்று கப்பலில் ஏறினார். அந்நேரம் காற்று வாய்த்தது. கப்பற்காரர் பாயை விரித்துவிட்டனர். கடிதம் கொடுக்கப் போனவர், உழைத்துச் சேர்த்த ஏடுகள் அனைத்தையும் கரையில் விட்டு, தாமே கடிதத்தோடு கன்ரன் போய்ச் சேர்ந்தார்! அவ்வாண்டே துணைவர் சிலரை அழைத்துக்கொண்டு திரும்பிவந்து பணியைத் தொடர்ந்தார் என்பதே அம்மனிதரின் பெருமை.

மொழி எத்தகையது?

சீனர் இன்று நாடெங்கும் பொதுமொழியாக வழங்குவது பெய்ஜிங் வட்டாரப் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. அதன் முதற் சிக்கல் தொனி. ஒரே அசையை நான்கு தொனிகளில் ஒலிக்க நான்கு சொற்கள் பிறக்கும். 'மா' என்பதை உயர்த்திச் சமமாக நீட்டினால் தாய். கீழிருந்து மேலேற்றினால் சணல். தாழ்த்தி வளைத்தெடுத்தால் குதிரை. மேலிருந்து வெட்டென இறக்கினால் ஏசுதல். இவற்றுக்குப் புறம்பாகத் தொனியில்லா மெல்லசைகளும் உண்டு. தாயைக் குதிரையாக்கிய கதை சீனம் படித்தோர் எல்லாரிடமும் ஒன்றிருக்கும். நாமும் 'ஓ' என்னும் ஓரெழுத்தை இசைவாகவும், ஐயமாகவும், வியப்பாகவும் மூவிதத்தில் ஒலிக்கிறோமல்லவா? நம் தொண்டைக்கு இந்த ஏற்ற இறக்கம் புதிதன்று. நம்மிடத்தில் அதனால் உணர்ச்சி மாறும். அங்கே சொல்லே மாறிவிடும்.

இரண்டாவது, மூச்சு. பகர, தகர, ககரங்களை மூச்செறியாமல் ஒலிப்பது ஒன்று, மூச்செறிந்து ஒலிப்பது மற்றொன்று எனச் சீனம் பிரித்துக்கொள்ளும். ஆங்கில வாசனையோடு செல்பவர் முதல்வகையைத் தொண்டை அதிர ஒலித்து இடர்ப்படுவர். தமிழருக்கோ 'பல்', 'தலை', 'கல்' என்பவற்றின் முதலில் நிற்கும் வல்லினமே அங்கு ஏறக்குறையச் சரியாக அமைந்துவிடும். மூச்செறியும் வகையையே நாம் புதிதாகப் பழகவேண்டும். வாய்க்கு முன் ஒரு தாள் துண்டைப் பிடித்துக்கொண்டு, அது படபடவென அசைகின்றதா எனப் பார்ப்பது வகுப்புகளில் வழங்கும் உபாயம்.

மற்றொரு செய்தி கேட்டு மகிழத்தக்கது. தமிழுக்கே சிறப்பென நாம் கொண்டாடும் ழகரத்துக்கு மிக நெருங்கிய ஒலியொன்று சீனத்தில் உண்டு. 'மனிதர்' எனப் பொருள்படும் அன்றாடச் சொல்லே அவ்வொலியில் தொடங்குவது. 'வாளைப்பளம்' உண்ணும் எம்மவர் பலர் அங்கே சென்று, மனிதரைக் குறிக்கும் சொல்லைச் சொல்லத் தெரியாமல் தவிப்பரென எண்ணுகையில், சிறுவயதில் எம் காதைத் திருகிய தமிழாசிரியரை நன்றியோடு நினைக்கின்றோம்.

இலக்கணம் பெரிதும் இலகு. படித்தேன், படித்தாய், படித்தாள், படித்தனர் என வினை விகாரமடைவதில்லை. ஐம்பாலும் மூவிடமும் வினையில் ஒட்டா. எழுவாய்க்குப் பின் வினை, வினைக்குப் பின் செயப்படுபொருள் என்னும் ஒழுங்கு ஆங்கிலத்தை ஒத்தது. ஆனால் 'நேற்று வந்த பெண்' என்னுந் தொடரைச் சீனர் நாம் சொல்லும் அதே வரிசையில்தான் சொல்வர்: நேற்று, வந்த, பெண். ஆங்கிலேயன் இதே தொடரைத் தலைகீழாக நிறுத்துவான். பொருள்களை எண்ணும்போது மட்டும் ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வோர் அளவைச்சொல் இடையில் வரவேண்டும். ஆறு, வீதி, மீன், பாம்பு, காற்சட்டை ஆகிய யாவும் நீண்ட பொருள்களாதலின் ஓரளவைச் சொல்லுக்குள் அடங்கும். மீனையும் காற்சட்டையையும் ஓரினமாக்கிய அறிஞரை வணங்குவோம்.

எழுத்தே மலை. சீன அரசு 2013 இல் வெளியிட்ட எழுத்து அட்டவணையில் 8105 எழுத்துகள் உள. அவற்றுள் அன்றாட வாழ்வுக்குரியனவாக முதல் வகுப்பில் வைக்கப்பட்டவை 3500. இத்தொகையைக் கேட்டு மிரளவேண்டியதில்லை. அவை உறுப்புகளாற் கட்டப்பட்டவை. இடப்பக்கத்தில் மூன்று நீர்த்துளிகள் வரைந்திருப்பின் அவ்வெழுத்து ஆறு, கடல், ஏரி, கண்ணீர் எனத் தண்ணீரோடு தொடர்புடையதாக இருக்கும். ஒரு மரம் வரைந்தால் மரம். இரண்டு மரம் வரைந்தால் தோப்பு. மூன்று வரைந்தால் காடு. எந்தக் கோட்டை முன், எந்தக் கோட்டைப் பின் இழுப்பது என்பதற்கும் விதியுண்டு. விசயதசமியன்று அரிசியில் ஏடு தொடக்கி, குருவின் கைப்பிடியில் 'அ' எழுதிய பிள்ளைகளுக்கு அந்த ஒழுக்கம் அன்னியமாகத் தோன்றாது. 1956 முதல் சீனாவில் எழுத்துகளின் கோடுகளைக் குறைத்து எளிமையாக்கினர். பழைய சாசனங்களை வாசிக்க விரும்புவோர் பழைய வடிவங்களையும் கற்றாக வேண்டும். எம் பிரதிவாதி அவ்வினத்தைச் சேர்ந்தவள்.

உறவுமுறையைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலம் 'அங்கிள்' என்னும் ஒற்றைச் சொல்லால் தகப்பனின் தமையன், தம்பி, தாயின் சகோதரன் ஆகிய எல்லாரையும் மூடிவிடும். சீனம் அப்படிச் செய்யாது. தகப்பனின் தமையன் 'போபோ', அதாவது நம் பெரியப்பா. தகப்பனின் தம்பி 'ஷூஷு', நம் சித்தப்பா. தாயின் சகோதரன் 'ஜியூஜியு', நம் அம்மான். தமையனுக்கும் தம்பிக்கும், தமக்கைக்கும் தங்கைக்கும் வெவ்வேறு பெயர். ஆயினும் தாயின் சகோதரி பிள்ளைகளை நாம் உடன்பிறந்தாராகக் கொள்ள, அவர்களோ அப்பிள்ளைகளையும் அம்மான் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிறுத்துவர். மச்சான் முறை அங்கில்லை என்பதை எம் இளைஞர் கவனிக்க.

ஓட்டுத் துண்டும் கல்லும்

இனி, இப்பெண்ணுக்கு ஏன் சீனம் என்று கேட்பீர்கள். பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைத் தீவுக்குள் நுழைந்தால் அல்லைப்பிட்டி. 1977 ஆம் ஆண்டில் அங்குச் சீன மட்பாண்டத் துண்டுகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. ஜோன் காஸ்வெல் என்னும் ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து, ஏறத்தாழ 1100 ஆம் ஆண்டளவில், வட சொங் மன்னர் காலத்தில் செய்யப்பட்டவை எனக் கண்டார். 2018 இல் சாங்காய் அருங்காட்சியக ஆய்வாளர் இலங்கை அறிஞரோடு சேர்ந்து அவ்விடத்தில் மீண்டும் அகழ்ந்தனர். அல்லைப்பிட்டிக்கு அப்பால் ஊர்காவற்றுறை. அதற்கும் அப்பால் நயினாதீவில், நாகபூசணி அம்மன் கோயிலில், முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் நிற்கின்றது. பரதேசிகள் ஊர்காவற்றுறைக்கு வந்திறங்க வேண்டும், அவர்களைக் காக்க வேண்டும் என்பதும், உடைந்த மரக்கலத்தின் சரக்கில் அரசனுக்கு எவ்வளவு, உடையவனுக்கு எவ்வளவு என்பதும் அதிற் காணப்படும் கட்டளைகள். யானையும் குதிரையும் கொணர்ந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு. வாணிபச் சரக்காயின் அரைப்பங்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நம் துறைமுகச் சட்டம் இது. அத்துறையை நாடிய பரதேசிகளின் பண்டங்களுள் சீனத்துக் களிமண்ணும் இருந்ததென்பதற்கு அல்லைப்பிட்டி மண்ணே சாட்சி.

இந்தப் பெண் அத்துண்டுகளுள் ஒன்றைப் பல்கலைக்கழக வகுப்பிலே கையில் எடுத்துப் பார்த்தவள். எந்தச் சூளையில் வெந்தது, எந்த ஊர்க் கப்பலில் வந்தது என்று கேட்டாளாம். அவற்றை ஆராய்ந்து எழுதப்படும் கட்டுரைகளுட் பல சீன மொழியில் உள்ளன. நம் முற்றத்து மண்ணிற் கிடந்த ஓட்டின் கதையைப் பிறர் படித்துச் சொல்ல, நாம் மூன்றாம் கையாகக் கேட்டுக்கொள்கிறோம். இது அவளுக்கு உறுத்துகிறது. எமக்கும் உறுத்துகிறது.

காலிக் கல்லை வாசகர் பலர் கொழும்பு அரும்பொருட் காட்சிச்சாலையிற் கண்டிருப்பர். சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்தது. 1409 ஆம் ஆண்டுத் தேதி பொறித்தது. 1911 இல் காலி நகரில் மதகொன்றை மூடிய பலகைக் கல்லாகக் கிடந்தபோது ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இசுலாமிய வழிபாட்டுக்குரியது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையிற் கோயில் கொண்ட தேனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. மூன்று தெய்வங்களுக்கும் காணிக்கைகள் ஏறக்குறைய ஒரே அளவு: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்றவாறு செல்லும் பட்டியல். சீனப் பேரரசரின் ஆணையை இத்தீவின் கரையில் நிறுத்தும்போது தமிழில் எழுதுதல் அவசியம் என்று அன்றைய சீன அரசவை எண்ணியது. அதற்கும் முந்தி, 1281 இல், சீனாவின் சுவான்சௌ துறைமுகத்திலே தமிழ் வணிகர் எடுப்பித்த சிவன் கோயிலின் சாசனம் தமிழில் பொறிக்கப்பட்டு, அடியிற் சீன வரியும் பெற்றது.

இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க 2021 ஆம் ஆண்டு மே மாதம் ஒரு காட்சி கிடைத்தது. கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குச் சீன உதவியால் அமைந்த நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது. நாட்டின் அரசகரும மொழியாகிய தமிழ் இல்லை. கண்டனம் எழுந்தபின் அப்பலகை அகற்றப்பட்டது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கல்வெட்டுத் தச்சனுக்குத் தெரிந்தது பலகை எழுதியவர்க்குத் தெரியாமற் போயிற்று. கோபிப்பதோடு நில்லாமல், அத்தகைய மேசைகளில் இரு மொழியும் அறிந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தியும் அமர்ந்திருந்தால் என்ன என்று எண்ணினோம்.

சீனர் இவ்விடயத்தில் நம்மை முந்திவிட்டனர். பெய்ஜிங்கில் 1961 முதல் சிங்களம் கற்பிக்கலாயினர். பீக்கிங் வானொலி 1963 ஆகஸ்டு முதலாந் தேதி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. சிற்றலையில் அதனைக் கேட்டுக் கடிதம் எழுதிய நேயர்கள் நம் குடாநாட்டிலும் இருந்தனர். அறிவிப்பாளராகிய சீனப் பெண்களும் ஆண்களும் தமிழ்ப் பெயர் பூண்டு பேசினர். கலைமகள் என்னும் பெயர் கொண்ட சீனப் பெண்மணி அப்பிரிவின் தலைவராகவும் விளங்கினார். சீனத்தை இவ்வண்ணம் பேசும் யாழ்ப்பாணத்தவர் எத்தனை பேர் என எண்ண எமக்கு ஒரு கைவிரல்களே மிகை. களனிப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் கொன்பூசியசு நிலையம் உண்டு. உயர்தரப் பரீட்சைப் பாடங்களுள்ளும் சீனம் இடம்பெறுகின்றது. வாயில் பூட்டியிருக்கவில்லை.

வெண்பட்டு விசிறி

தாயின் இரண்டாவது கேள்வி தனிமை. இதற்கு நாம் எளிதாக ஆறுதல் கூற விரும்பவில்லை.

பாகியான் என்னும் துறவி 399 ஆம் ஆண்டிலே, அறுபது வயதை அணுகியோ கடந்தோ, சீனாவிலிருந்து நடந்தே புறப்பட்டார். பாடலிபுத்திரத்தில் மூன்றாண்டு வடமொழி கற்றார். உடன் வந்தோரில் சிலர் வழியில் இறந்தனர், சிலர் திரும்பினர், சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டனர். ஏறத்தாழ 410 இல் தனியராய் இலங்கை வந்து, அநுராதபுரத்தில் இரண்டாண்டு தங்கி, தம் நாட்டிற் கிடையாத ஏடுகளைத் தேடிப் பெற்றார். ஒருநாள் அபயகிரி விகாரையில், பச்சைக்கல்லாலான புத்தர் திருவுருவத்தின் முன் வணிகர் ஒருவர் ஒரு விசிறியைக் காணிக்கையாக வைக்கக் கண்டார். வெண்பட்டு விசிறி, சீனத்தில் நெய்தது. பன்னீராண்டளவாகத் தம் நாட்டு மனிதரையோ மரஞ்செடியையோ காணாத அக்கிழவர் கண்ணீர் விட்டார். இதை மறையாது தம் நூலிலேயே எழுதிவைத்தார். பாலைவனமும் பனிமலையும் கடந்தவரை ஒரு விசிறி அழவைத்தது.

பிள்ளையும் அழுவாள். அரைமணி நேரம் பேசினால் தீரும் அழுகையாக அது இருப்பின் நல்லது. பாகியானுக்குத் தொலைபேசி இருக்கவில்லை. திரும்பும் பயணத்திலும் புயலில் அகப்பட்டு யாவாவில் ஐந்து மாதம் காத்திருந்து, அங்கிருந்து ஏறிய கப்பலிலே, இத்துறவியாலேதான் கேடு சூழ்ந்தது என்று சிலர் அவரைத் தீவொன்றில் இறக்கிவிட எண்ண, ஒரு நல்லவர் தடுத்ததால் தப்பி, 412 இல் ஊர் சேர்ந்தார். அத்தனைக்கும் அவர் கொண்டுசென்ற ஏடுகள் நனையவில்லை.

உணவைப் பற்றியும் கேட்டார் அம்மா. அவர்கள் வீட்டில் மச்சம் புழங்குவதில்லை. சீனத்தில் மரக்கறி உணவுக்கு 'சு' என்று பெயர்; வெட்டென இறங்கும் தொனி. பௌத்த விகாரைகளை ஒட்டிய உணவுச்சாலைகளில் அது தாராளமாகக் கிடைக்கும். வேறிடங்களில் மரக்கறியென்று சொன்னாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கிவிடுவதுண்டாதலின் எண்ணெயையும் விசாரிக்க வேண்டும். தேநீருக்குக் குறைவேயில்லை, ஆனால் பாலும் சீனியும் எதிர்பார்க்கலாகாது. 'தேத்தண்ணி' என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லின் 'தே' சீனாவின் புகியன் கரைப் பேச்சிலிருந்து உலகெங்கும் பரவியது என்பதும், தமிழ்ச் சாசனம் நின்ற சுவான்சௌ அக்கரையிலேயே உள்ளதென்பதும் அம்மாவுக்கு நாம் கூறிய உபரிச் செய்திகள். சீனியும் சீனவெடியும் தம் பெயரிலேயே பிறந்தகத்தைத் தாங்குவன.

எஞ்சிய விபரங்கள் சுருக்கமே. கல்வியாண்டு செப்டெம்பரில் தொடங்கும். இரண்டாம் பருவம் சீனப் புத்தாண்டு கழிந்தபின். மொழித்திறன் தேர்வு நெடுங்காலம் ஆறு படிகளாக இருந்தது. முதற்படிக்கு 150 சொல், மூன்றாம் படிக்கு 600, ஆறாம் படிக்கு 5000. 2021 இல் ஒன்பது நிலைகளாக வகுத்துப் புதிய அளவுகோல் வெளியிட்டனர். ஓர் அரையாண்டிற் கருத்தூன்றிப் படிப்பவள் பழைய கணக்கில் மூன்றாம் படியை எட்டலாம். கடைக்குப் போகவும், வழி கேட்கவும், நோய் சொல்லவும் அது போதும். ஆய்வுக் கட்டுரை வாசிக்கப் போதாது. திரும்பி வந்தபின் இங்கிருந்தே ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து படிக்க மனமில்லையாயின் போகாதிருத்தலே நன்று என்பதையும் மகளிடம் ஒளிவின்றிச் சொன்னோம். போகும் மொழி மிக விரைவிற் போய்விடும்.

மறு வெள்ளி மாலை இருவரும் வந்தனர். தாயின் தமையனாரும் உடன் வந்திருந்தார். செலவில் ஒரு பங்கு அவருடையதாம். மேற்கண்டவற்றைக் கூறி முடிக்க ஒன்றரை மணி நேரமும் இரண்டு முறை தேநீரும் சென்றன. தாய் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அங்கை அம்மாவை என்னெண்டு கூப்பிடுவினம்?" என்று கேட்டார்.

"மாமா" என்றாள் மகள். முதலசையை உயர்த்திச் சமமாக நீட்டினாள்.

கதிரையிலிருந்த தமையனார் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப என்னை?"

"ஜியூஜியு, மாமா."

தாய் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பின்பு, படிவத்திற் பெற்றார் கையொப்பமிட வேண்டிய இடம் எது என்று கேட்டு, எம் மேசையிலிருந்த பேனையை எடுத்தார்.